திண்ணையிலிருந்து டைல்ஸ் வரை: நாய் வீட்டுக்குள் வந்த கதை

1690ஆம் ஆண்டு. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலம்! நாலா பக்கமும் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனியின் சொத்தாகிவிட்டன. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

எல்லை போட மனிதனுக்குப் பீரங்கி தேவைப்பட்டது. நாய்க்கு அந்தச் செலவெல்லாம் கிடையாது. பின்னங்காலைத் தூக்கினால் போதும்.

சிரிப்பாகத்தான் இருக்கும், அது தெருவிலுள்ள மின்கம்பத்தின் மேல் நடக்கும் வரை. அதே காரியம் சோபாவின் காலிலும், பீரோ மூலையிலும், பூஜை அறைக் கதவிலும் நடக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் வீதிகளிலும் இன்று சின்ன ஜாதி நாய் வளர்க்கும் வீடுகள் ஏராளம். குட்டியாக இருந்தபோது "பாவம், சின்னது" என்று துடைத்துவிட்டுப் போனவர்கள், நாய்க்கு ஐந்து வயதான பிறகும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் பொறுமை இழக்கிறார்கள். முதலில் திட்டு, பிறகு அடி, பிறகு மொட்டை மாடியில் சங்கிலி. கடைசியில் ஒரு நாள் இரவு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிடுவது. மெத்தையில் தூங்கிப் பழகிய மூன்று கிலோ நாய் தெரு நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் தாங்கும்?

இந்தச் சிக்கலை நாயின் கெட்ட குணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதில் நாயின் பங்கு குறைவு, நம் பங்கு அதிகம் என்பது தெரியவரும்.

கோவிவன் என்றொரு நாய்

தமிழருக்கும் நாய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. நாய்க்குட்டியைக் 'குருளை' என்று சொல்ல வேண்டும் என்று தொல்காப்பிய மரபியல் இலக்கணமே வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவன் விழுந்த பிறகும் அங்கேயே நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்த அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் 'கோவிவன்' என்பதும் கல்வெட்டிலேயே இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அது சாதாரண விஷயமா!

அதே மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்திலும் நாய் வருகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் சண்டை போடுவான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். ஒரே மன்னன் காலம். கல்லில் நாய் வீரன், நாடகத்தில் நாய் திருடன். நாயைப் பற்றிய நம் மனசு அன்றைக்கே இரண்டாகத்தான் இருந்திருக்கிறது.

கோயிலிலும் இதே கதைதான். சிவாலயங்களில் வடகிழக்கு மூலையில் நிற்கும் பைரவருக்கு நாய்தான் வாகனம். இரவு நடை சாத்தியதும் சாவியை பைரவர் முன்னால் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கோயிலையே காவல் காப்பவரின் வாகனம் என்றாலும் உயிருள்ள நாய் கோபுர வாசலைத் தாண்டினால் கம்பு பறக்கும். தன் கடைசிக் காலத்தைத் தில்லையில் கழித்ததாகச் சொல்லப்படும் மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தன்னைத் திரும்பத் திரும்ப நாய் என்றே தாழ்த்திக்கொள்கிறார். தலைவன் வீட்டு வாசலில் கிடப்பது, உள்ளே போகத் தகுதி இல்லாதது, ஆனாலும் அந்த வாசலை விட்டுப் போகாதது என்ற படம் கேட்பவர்களின் மனதில் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தச் சொல் அவ்வளவு உருக்கமாக எடுபடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாயைக் கல்லில் செதுக்கினோம், சாமிக்கு வாகனமாக்கினோம். ஆனால் அதன் இடம் வாசற்படிக்கு வெளியேதான். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று ஒரு பழமொழி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழமொழியில் நாயின் குணத்தைவிட 'நடுவீடு' என்ற சொல்தான் முக்கியம். நடுவீட்டில் நாய் இருப்பது நடக்கவே நடக்காத காரியம் என்று நம்பிய சமூகம்தான் அப்படி ஒரு பழமொழியைச் சொல்ல முடியும்.

பழைய வீடும் பழைய தரையும்

சிதம்பரம் நான்கு வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் திண்ணை, அப்புறம் ரேழி, நடுவில் முற்றம், கடைசியில் கிணறும் கொல்லைப்புறமும். நாய் திண்ணையடியில் படுத்திருக்கும். மிஞ்சிய சோறு கொல்லையில் கிடைக்கும். சிறுநீர் கழிக்கத் தெருப்புழுதி, வேலியோரம், வைக்கோல் போர் என்று நூறு இடம். கிராமத்து வீடுகளில் உள்ளே இருந்ததே சாணம் மெழுகிய மண் தரை. தப்பித்தவறி நாய் உள்ளே வந்து ஏதாவது செய்துவிட்டாலும் மண் உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் மெழுகினால் கதை முடிந்தது.

ஆக, அந்தக் காலத்து நாய்க்கு யாரும் 'டாய்லெட் பழக்கம்' கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இதனால்தான் குதிரையைப் பழக்கவும் யானையைப் பழக்கவும் மாட்டை வண்டியில் பூட்டவும் தலைமுறை தலைமுறையாக அறிவு சேர்த்து வைத்திருந்த நம் ஊரில், நாயை வீட்டுக்குள் எப்படிப் பழக்குவது என்பதற்கு மட்டும் பாட்டி வைத்தியம் கூடக் கிடையாது.

பிறகு தரை மாறியது. மண் தரை போய் சிமெண்ட் வந்தது. சிவப்புக் காவி போட்ட ரெட் ஆக்சைடு தரை, மொசைக், கடைசியில் டைல்ஸும் கிரானைட்டும். கொல்லைப்புறத்தில் இன்னொரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டாயிற்று. திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் ஒதுக்கியாயிற்று. உறிஞ்சும் தரையெல்லாம் போய், ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் தரை வந்துவிட்டது. சரியாக இந்த நேரத்தில்தான் நாயும் உள்ளே வந்தது.

மகாராணியின் மடியிலிருந்து

கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி... நம் ஊர் நாய்கள் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் ஆனவை. மடியில் வைத்துக்கொள்ளும் சின்ன நாய் நமக்குப் புதிது. ஐரோப்பாவில் அதைப் பெரிய மோஸ்தராக்கியவர்களில் ஒருவர் விக்டோரியா மகாராணி. 1888இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனபோது 'மார்கோ' என்ற சின்ன பொமேரியன் நாயைக் கொண்டுவந்தார். 1901இல் அவர் இறக்கும்போது கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்ததும் 'டூரி' என்ற பொமேரியன்தான்.

நம் ஊரில் பொமேரியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் 'இண்டியன் ஸ்பிட்ஸ்' வகை. ஆங்கிலேயர் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழி வந்தவை என்று கருதப்படுகிறது. வெயிலைத் தாங்கும், தயிர் சாதம் சாப்பிடும், யார் வந்தாலும் குரைக்கும். நடுத்தர வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபியாக நடித்தது இந்த வகை நாய்தான். அடுத்து 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரம். ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடும் பக் நாயைப் பார்த்த நாடே அதற்கு ஆசைப்பட்டது. 2016 ஏப்ரலில் இனப்பெருக்க வியாபாரத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆனால் அதற்குள் ஷிட்ஸூ, பக், டாஷ்ஹண்ட் எல்லாம் சின்ன ஊர்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன.

ஆக, கோவிவனுக்கும் இந்த நாய்களுக்கும் இடையே உள்ள சுமார் 1,400 ஆண்டுகளில் வாசற்படியைத் தாண்டியது கடைசி இரண்டு தலைமுறை மட்டும்தான். வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டது நாம். வீட்டுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர மறந்ததும் நாமேதான்.

அடி உதவுமா?

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பதைத்தான் பலரும் நாயிடம் முயல்கிறார்கள். ஈரம் கிடக்கும் இடத்தில் நாயின் மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது உலகம் முழுக்க உள்ள பழைய பழக்கம். நாயைக் கட்டாயப்படுத்திப் பழக்கும் முறைக்கு 20ஆம் நூற்றாண்டில் ஒரு வடிவம் கொடுத்தவர் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர். 1910இல் அவர் எழுதிய புத்தகம் பிரபலமானது. ஆனால் அவர் பழக்கியது போலீஸ் நாய்களையும் ராணுவ நாய்களையும். போர்க்களத்துக்குப் போக வேண்டிய நாய்க்கு வகுத்த முறையின் நிழல் மடியில் தூங்கும் நாயின் மேலும் விழுந்துவிட்டது.

இதே காலத்தில் ரஷ்யாவில் பாவ்லோவ் (செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர்) நாய்களை வைத்தே ஓர் உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தால்தான் நாயின் மனம் அவற்றை முடிச்சுப் போடும். காலை 10 மணிக்கு நாய் சிறுநீர் கழிக்கிறது. மாலை 6 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்தவர் அடிக்கிறார். நாய் இதில் கற்றுக்கொள்வது என்ன? "இவர் வீட்டுக்கு வந்தால் அடி விழும்" என்பதைத்தான். பார்த்த உடனே அடித்தாலும் "இவர் எதிரில் போகக் கூடாது, கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போக வேண்டும்" என்று கற்றுக்கொள்கிறது. அப்புறம் வெளியே கூட்டிப்போனாலும் அவர் முன்னால் போகாமல் அடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடும்! தப்பு செய்ததால் முகத்தைத் தொங்கப் போடுகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது பயம், அவ்வளவுதான்.

உண்மையான விடை 1965இல் வந்தது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். குட்டிகள் மூன்றாவது வாரத்திலேயே படுக்கையை விட்டு நகர்ந்து போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்குகின்றன. எட்டு, ஒன்பதாவது வாரத்தில் அதற்கென்று குறிப்பிட்ட இடத்தைத் தேடத் தொடங்குகின்றன. அந்த வயதில் பாதத்துக்கு எந்தத் தரை பழகுகிறதோ அதையே பிற்காலத்திலும் நாய் தேடும் என்பது இன்று பயிற்சியாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். புல்லில் பழகிய குட்டி புல்லைத் தேடும். கடையின் கூண்டிலும் வீட்டு பால்கனியிலும் பழகிய குட்டி டைல்ஸைத் தேடும். அதைப் பொறுத்தவரை ஹால் முழுக்கக் கழிப்பறைதான்! எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சின்ன நாய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. லாப்ரடார் ஹாலில் போனால் வீடே நீந்தும், அன்றைக்கே பழக்க ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன நாய் விடுவது இரண்டு ஸ்பூன். பல நாள் யாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது பழக்கம் ஊறிப்போயிருக்கும்.

மருத்துவர் சொல்வது

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வந்தது. 'கால்நடை' என்ற சொல்லே சொல்கிறதே, வரிசையில் முதல் இடம் மாட்டுக்கு. இன்றும் சின்ன ஊர் மருத்துவமனைகளில் பசு, ஆடு, கோழிக்குப் பின்னால்தான் நாய் நிற்கிறது. ஆனாலும் வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். ஏனென்றால் வெளியில் ஒரே மாதிரி தெரியும் இந்தச் செயலுக்குப் பல காரணங்கள் உண்டு:

1. இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று மாறினால் அது பெரும்பாலும் நோய். சிறுநீர்ப்பாதைத் தொற்று, சிறுநீர்ப்பையில் கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று எதுவாகவும் இருக்கலாம். நிறைய தண்ணீர் குடிப்பது, அடிக்கடி முக்குவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் அறிகுறிகள்.

2. தூங்கும்போது படுக்கையிலேயே கசிந்தால் அது தசைத் தளர்ச்சி. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கும் வயதான நாய்களுக்கும் வரும். மருந்து உண்டு.

3. ஆள் வரும்போது குனிந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு விட்டால் அது பயம் அல்லது பரபரப்பு. இங்கே திட்டினால் இன்னும் அதிகமாகும்.

4. செங்குத்தான பொருள்கள் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை போடுவது. செயின்ட் டேவிட் கோட்டை விவகாரம்!

நான்காவதில் சின்ன நாய்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டி மெக்குயர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சின்ன ஆண் நாய்கள் தம் உயரத்துக்கு மிஞ்சிக் காலை உயர்த்துகின்றன. மோந்து பார்க்கிற நாய், தெளித்தவன் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளுமாம்! இந்தப் பழக்கத்துக்குக் கருத்தடை ஓரளவு உதவும். 1997இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், ஆண்மை நீக்கம் செய்த நாய்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் இந்தப் பழக்கம் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தது. வளர்ந்த பிறகு செய்தாலும் பலன் இருந்தது.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு வேலை எளிது. நாய்க்கு ஐந்து வயதானாலும் அதை நேற்று வந்த குட்டியாக நினைத்து மறுபடி தொடங்க வேண்டும். எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், அதற்கு நடுவே மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே போன அந்த நொடியிலேயே ஒரு துண்டு பிஸ்கட்டும் பாராட்டும். கண்பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரத்தில் வீடு முழுக்க விடாமல் ஓர் அறையோடு நிறுத்த வேண்டும். தண்ணீரைக் குறைப்பது கூடாது. தரையை பினாயில் போட்டுத் துடைத்தால் வாசனை நமக்குத்தான் மறைகிறது, நாயின் மூக்குக்கு இல்லை. தவிர, பினாயில் பட்ட பாதத்தை நக்கினால் நாய்க்குக் கெடுதல். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் அந்தக் கறையையே சிதைக்கும்.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு கணக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலூர்ப் பக்கம் தெருவே குளமாகிவிடும். வயிறு தரையைத் தொடும் நாய் அதில் இறங்காது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் தார் ரோடு பாதத்தைச் சுடும். தீபாவளி வெடிக்கு நாய் வாசலையே எட்டிப் பார்க்காது. மார்கழி விடியலில் வாசலெல்லாம் கோலம், எங்கே நின்றாலும் சண்டை. ஆகவே மாடியிலோ பின்பக்கமோ கூரைக்குக் கீழே மணலோ புல்லோ போட்ட ஒரு தட்டு வைத்து, மழைக்கு முன்பே பழக்கிவிடுவது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், நாம் எடுத்துவிட்ட கொல்லைப்புறத்தை இரண்டடி அகலத்தில் நாய்க்குத் திருப்பிக் கொடுப்பது.

பத்து ரூபாய்க் கணக்கு

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள்தான் நாயை வண்டியில் ஏற்றுகிறார்கள். அது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் விளைவாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அவரையே முதல் தலைவராகக் கொண்டு 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்குகள் நல வாரியம் 2018இல் ஹரியானாவுக்கு இடம் மாறியது. அடுக்குமாடிகளில் நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என 2015இல் சுற்றறிக்கை விட்டதும் இந்த வாரியம்தான்.

ஓர் என்சைம் பாட்டில், மருத்துவரிடம் ஒரு நடை, சில வாரப் பொறுமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 10 ரூபாய் அபராதம், அதுவும் யாராவது பிடித்தால்தான். வெறும் வரவு செலவாகப் பார்த்தால் கைவிடுவதுதான் மலிவு. இந்த ஏட்டில் ஏறாத ஒரு கணக்கும் இருக்கிறது. கள்ளர் வந்தபோது ஓடிப்போகாமல் எஜமானன் பக்கத்தில் நின்றதே ஒரு நாய், அதற்கு அந்த ஊர் கல் நட்டுப் பெயர் எழுதியது. அந்த நாயை அவர்கள் வீட்டுக்குள் கூட விட்டிருக்க மாட்டார்கள். நாம் உள்ளே அழைத்து மெத்தையில் படுக்க வைத்திருக்கிறோம். போகிற இடம் எது என்று காட்டுவதுதான் பாக்கி.